தொடாமல் எரிந்த சிவப்பு

ஒட்டடைக்கம்பு என்று எல்லோரும் கூப்பிடுகிறவன் நீட்டிய கார்டு வாசல் பெட்டியைத் தொட இன்னும் ஒரு சாண் தூரம் இருந்தது. அதற்குள் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது.

வரிசையில் நின்ற யாரும் இதைக் கவனிக்கவில்லை. பகல் ஷிப்ட் முடிந்து எல்லோருக்கும் வீட்டு அவசரம். வெளியே மழை வேறு கறுத்துக்கொண்டு நின்றது. கவனித்தவள் மீட்டர் ஒருத்திதான். அந்தச் செப்புக்கம்பி ஆலையில் எலெக்ட்ரானிக் சாமான் எது பழுதானாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கழுத்தில் ஹெட்போனும் கையில் மீட்டருமாகவே திரிந்ததில் பெற்றவர்கள் வைத்த பெயர் எல்லோருக்கும் மறந்துபோயிற்று. அவள் கணவன் இரண்டாம் நம்பர் மெஷினில் கம்பி இழுக்கிறவன். தூக்கத்தில்கூட வாய் மூடமாட்டான் என்பதால் அவன் ரேடியோ. மீட்டரும் ரேடியோவும் ஒரே வீட்டில் இருந்தால் கரண்ட் பில் என்ன ஆகும் என்ற பழைய ஜோக்கை யாராவது இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். ரேடியோவே எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பான்.

ஒட்டடைக்கம்பு நெட்டையன், வாயில்லாப்பூச்சி. நீட்டிய கையை நிறுத்தாமல் கார்டைத் தொட்டான், சோதனை அறைக்குள் போய்ச் சட்டையைக் கழற்றிக் காட்டினான், முனகிக்கொண்டே மழைக்கு முன்னால் ஓடினான். அவனிடம் ஒரு துணுக்குச் செம்புகூட இல்லை.

அந்தப் பெட்டி வந்ததற்கு ஒரு கதை உண்டு. செம்பு என்றால் திருட்டும் இருக்கத்தான் செய்யும். வெளியே போகிறவர்களில் சிலரைச் சோதிப்பது ஆலையின் வழக்கம். யாரை என்று முன்பெல்லாம் முடிவு செய்தவர் வாசல் காவலாளி மீசை. அவருக்கு டீ வாங்கித் தராதவன், அவர் ஜோக்குக்குச் சிரிக்காதவன் எல்லாம் தினமும் சட்டையைக் கழற்ற வேண்டியிருந்தது. சங்கம் சண்டை போட்டது, மனுஷன் கை படாத நியாயம் வேண்டும் என்றது. பெட்டி வந்தது. உள்ளே அரிசியளவு ஒரு டையோடு, மின்சாரத்தை ஒருபக்கமாக மட்டும் விடுகிற சாமான். அதற்குத் தலைகீழாக மின்சாரம் கொடுத்தால் ஓயாமல் இரைச்சல் போடும். அந்த இரைச்சலுக்கு ஒழுங்கு கிடையாது, அடுத்த நொடி அது எப்படி இருக்கும் என்று உலகத்தில் எவராலும் சொல்ல முடியாது. கார்டு தொடுகிற அந்த நொடியில் இரைச்சலைக் கிள்ளி எடுத்து, அதை ஒரு எண்ணாக்கி, எண்ணுக்குத் தக்கபடி பச்சையோ சிவப்போ காட்டும். பச்சை என்றால் சுழல்கதவு திறக்கும், வீட்டுக்குப் போகலாம். சிவப்பு என்றால் சோதனை அறை. இதில் சிபாரிசும் செல்லாது, கோபதாபமும் செல்லாது.

ஆனால் கார்டு தொட்டால்தானே எண் பிறக்கும்? பிறக்காத எண்ணுக்கு விளக்கு எப்படி எரிந்தது என்று மீட்டருக்கு விளங்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் பெட்டியின் பக்கவாட்டுத் துளையில் ஹெட்போனைச் செருகிக் கேட்டாள். டையோடின் இரைச்சலைக் காதால் கேட்பது அவள் பழக்கம். டாக்டர் நெஞ்சில் குழாய் வைப்பதுபோல, முதலில் கேள், பிறகு திற. தகரக் கூரையில் மழை கொட்டுவதுபோன்ற சீரான சத்தம், எப்போதும்போல. கண்ணை மூடிக்கொண்டாள். வாசலெங்கும் கம்பிக்கு ஊற்றுகிற சோப்பு எண்ணெயின் புளித்த வாடை. மழைக்கு அடியில் வேறு ஏதோ இருந்தது. இறுக்கமாக எதையோ இழுப்பதுபோல ஒரு நறநறப்பு. மூக்கால் விடுகிற கனமான மூச்சு, ஓடிவந்து நின்றவர் விடுவதுபோல. எங்கோ தூரத்தில் ஒரு ஆண்குரல், திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்வதுபோல. ஏதோ ஒலிபரப்பு வயர் வழியாகக் கலக்கிறது என்று நினைத்தாள். நீளமான வயர் எதுவும் ஏரியல்தான். டையோடுக்கு மேல் ஒரு தகர மூடியை வைத்துத் திருகிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை ஐந்தாம் நம்பர் மெஷினில் கம்பி அறுந்தது. கம்பி அறுவது ஆலையில் தினமும் நடப்பதுதான். அறுந்த முனை துள்ளும், இரும்பு வலையில் பட்டு விழும். அன்று வலைக்கு மேலாகத் துள்ளி, எண்ணெய் ஊற்றக் குனிந்த ஒட்டடைக்கம்பின் கழுத்தைச் சுற்றியது. உருளை நிற்கவில்லை. ஸ்விட்சை அணைத்த பிறகும் உருளை நிற்கவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மீட்டர் ஓடிப்போனபோது அவன் உயரத்தில் பாதிதான் மெஷினுக்கு வெளியே இருந்தது. சோப்பு எண்ணெய் சிவந்து, நுரைத்து, அவள் செருப்புவரை வந்தது.

முந்தின நாள் விளக்கு முன்பே எரிந்ததை அவள் இரண்டே பேரிடம்தான் சொன்னாள். ஒருவன் ரேடியோ. அவன் எழுந்துபோய் அவள் செருப்பைக் கழுவி வைத்தான். இன்னொருத்தி பேக்கிங் அக்கா. கம்பிச் சுருள்களைக் கட்டி அனுப்புகிற பிரிவில் மூத்தவள். மீட்டரை இந்த வேலையில் சேர்த்துவிட்டவளே அவள்தான். மீட்டருக்குக் கரு கலைந்தபோது ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறியவள். போன மாதம் அக்கா கழுத்தில் மாட்டுகிற கார்டுக் கயிற்றில் கொக்கி உடைந்தபோது, நைலான் கயிற்றை இரட்டையாக்கி முடிச்சுப் போட்டுக் கொடுத்தது மீட்டர். இனிமே என் தலை போனாலும் கார்டு போகாது என்று அக்கா சிரித்தாள்.

அக்கா கதையைக் கேட்டுவிட்டு, எனக்கு அப்படி எரிஞ்சா தொடவே மாட்டேன் என்று மட்டும் சொன்னாள்.

மேனேஜரிடம் மீட்டர் சாவைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் பைத்தியம் என்பார். விளக்கு சில சமயம் கார்டுக்கு முன்பே எரிகிறது, அப்படி எரிந்த சிவப்பை ரத்து செய்துவிடலாம் என்றாள். ரத்து செய்தால் சோதனை எண்ணிக்கை குறையும், தணிக்கைக்காரர்கள் குடைவார்கள், எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது என்றார் மேனேஜர். சரி, அதற்கென்ன என்று மீட்டர் பெட்டியின் புரோகிராமில் ஒரு விதியைச் சேர்த்தாள்: கார்டு இல்லாமல் எரிந்த சிவப்பு அழியாது, அடுத்து எந்தக் கார்டு தொடுகிறதோ அதற்குப் போகும். சிவப்பும் வீணாகாது, கணக்கும் குறையாது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான் அது. ஒரு எண்ணைத் தூக்கி எறிய அவர்களுக்கு மனசு வராது.

மழை விடவில்லை. ஒருநாள் அக்கா கார்டை நீட்டினாள். சிவப்பு.

அவள் கை அந்தரத்திலேயே நின்றது. மீட்டர் எதிர்ச் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா மெதுவாகக் கையை இழுத்து, எதையோ மறந்துவிட்டு வந்தவள்போல வரிசையின் கடைசிக்குப் போய்விட்டாள். அவளுக்குப் பின்னால் நின்ற ஸ்டோர் குமாஸ்தா, கண்ணாடி என்று கூப்பிடுவார்கள், போனில் மகளோடு பேசிக்கொண்டே கார்டைத் தொட்டார். சிவப்பை வாங்கிக்கொண்டார். ஒரு நிமிஷம் கண்ணு, அப்பா கூப்பிடுறேன் என்று போனை வைத்தார்.

மறுநாள் ஃபோர்க் லிஃப்டின் இரண்டு கொம்புகளும் அவரைக் குடோன் சுவரோடு தைத்து வைத்திருந்தன. வண்டியில் ஆள் இல்லை. சாவிகூட இல்லை. கண்ணாடி மட்டும் உடையாமல் அவர் மூக்கின்மேல் இருந்தது.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு," என்றாள் அக்கா அன்று மதியம். சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் அப்படியே மூடினாள். "யாரோட தலைப்பாகைன்னுதான் கேக்கக் கூடாது."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதைத் தன் கையால் புரோகிராமாக எழுதிவைத்தவள் அவள். அக்காவின் சிவப்பு அழியவில்லை, நகர்ந்தது. நகர்வதற்கு வழி போட்டது யார்? சாப்பாட்டை விட்டுவிட்டு எழுந்தாள். நேரே மேனேஜரிடம் போய்ப் பெட்டியைக் கழற்றுகிறேன் என்றாள். தாமதமாகிவிட்டது. இரண்டு சாவுகளை விசாரிக்க வந்த அதிகாரிகள் யார் எப்போது போனார்கள் என்ற பதிவு கலையக் கூடாது என்று பெட்டியைத் திறக்க முடியாதபடி சீல் வைத்திருந்தார்கள், கார்டு தொடுவது மட்டும் தொடர்ந்தது. உண்மையைச் சொன்னாள். மேனேஜர் அவளைப் பரிதாபமாகப் பார்த்து, வீட்டில் கொஞ்சநாள் ஓய்வெடும்மா என்றார்.

ரேடியோவைத்தான் ஓய்வெடுக்கச் சொல்லிக் கெஞ்சினாள். அவன் கேட்கவில்லை.

"நான் வீட்ல இருந்தா என் பேச்சைக் கேட்டே நீ செத்துருவ," என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் காதோர முடியை ஒதுக்கினான். "எரிஞ்சா தொடமாட்டேன். போதுமா?"

போதாது. அவன் தொடாவிட்டால் வேறு யாரோ தொடுவார்கள். அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இருவரும் விளக்கை அணைத்துவிட்டு விழித்தபடியே கிடந்தார்கள்.

அதற்குள் அவள் மேனேஜரிடம் சொன்னது ஆலை முழுக்கத் தெரிந்துவிட்டது. இரும்புக்கு வாய் இல்லை, ஆனால் மனுஷ வாய்க்குப் பூட்டு ஏது? மாலை வரிசையில் பேச்சு நின்றுபோயிற்று. ஒவ்வொருவரும் பெட்டிக்கு ஒரு சாண் முன்னால் கையை நிறுத்தி, விளக்கைப் பார்த்து, மூச்சை இழுத்து, சட்டென்று தொட்டுவிட்டு ஓடினார்கள். பச்சை. பச்சை. பச்சை. தொட்ட பிறகு சிவப்பு எரிந்தவன் சந்தோஷத்தில் சட்டையைக் கழற்றி வீசிக்கொண்டு சோதனைக்கு ஓடினான். பார்க்கச் சிரிப்பாக இருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

அன்று மழை வாசலைச் சுவராக மூடியிருந்தது. மாலையிலேயே இருட்டு. கரண்ட் வேறு போய், மீசையின் அறையிலிருந்த அவசர விளக்கின் மஞ்சள் வெளிச்சம் மட்டும் ஈரத் தரையில் நீளமாகக் கிடந்தது. பெட்டிக்குக் கரண்ட் தேவையில்லை. திருடர்கள் மெயினை அணைத்து ஏமாற்றக் கூடாது என்று உள்ளே பேட்டரி வைத்தது மீட்டர்தான். அவள் பெட்டியின் பக்கத்தில் ஹெட்போனைச் செருகிக்கொண்டு நின்றாள். நறநறப்பு இருந்தது. மூச்சு இருந்தது. தூரத்துக் குரல் முன்பைவிடக் கிட்டத்தில் இருந்தது.

வரிசை நகர்ந்தது. ரேடியோ வந்தான். அவனுக்குப் பின்னால் அக்கா.

அவன் மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தான். கையை உயர்த்தினான்.

சிவப்பு.

"தொடாதீங்க," என்றாள் மீட்டர்.

அவன் கையை இழுத்துக்கொண்டான். சிவப்பு அணையவில்லை. அது காத்திருந்தது, அவள் சொல்லிக்கொடுத்தபடியே. ரேடியோ பின்னால் திரும்பிப் பார்த்தான். வரிசை முழுதும் ஓரடி பின்வாங்கியது.

யாரும் தொடவில்லை. சுழல்கதவு திறக்கவில்லை. வேறு வழி கிடையாது. செம்புத் திருட்டுக்குப் பயந்து மற்றக் கதவுகளையெல்லாம் எப்போதோ வெல்டு வைத்துவிட்டார்கள். மீசை தன் அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். மழை கொட்டியது. ஈரத்துணி வாடை, வியர்வை, சோப்பு எண்ணெய். எவ்வளவு நேரம் அப்படி நின்றார்கள் என்று பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை. இருட்டில் அந்தச் சிவப்பு மட்டும் எல்லோர் முகத்திலும் இருந்தது.

மீட்டர் தன் கார்டை எடுத்தாள். அவளுக்கு அப்போது பயமே இல்லை, அதுதான் விசித்திரம். என் தலையோடு போகட்டும் என்று நினைத்தாள். பெட்டியில் வைத்து அழுத்தினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். மறுபடியும்.

பராமரிப்புக் கார்டு. பழுது பார்க்கிறவர்கள் நாளைக்குப் பத்துமுறை தொட்டுப் பார்ப்பார்கள், கணக்கில் சேரக் கூடாது என்று பெட்டிக்குச் சொல்லிவைத்ததும் அவளேதான். பெட்டியின் கண்ணுக்கு அவள் ஒரு ஆளே இல்லை.

"எம்புள்ளை ஸ்கூல் வாசல்ல நனைஞ்சுக்கிட்டு நிக்குது," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"அவன் சிவப்பு. அவனே தொடட்டும்," என்றது இன்னொன்று.

சொன்னது யாரென்று தெரியவில்லை. எல்லாம் தினமும் டீ குடிக்கிற முகங்கள்தான். முதலில் ஒரு கை ரேடியோவின் சட்டையைப் பிடித்தது. பிறகு பல கைகள். அவன் ஏதோ ஜோக் சொல்லப்போனான். அதற்குள் யாரோ அவன் முகத்தைச் சுழல்கதவின் கம்பியில் மோதினார்கள். பல் ஒன்று தெறித்தது. ரத்தம் மூக்கிலிருந்து வாய்க்கு வந்தது. அவன் வலது கையை முறுக்கி, விரல்களைப் பிரித்து, கார்டோடு சேர்த்து, பெட்டியை நோக்கித் தள்ளினார்கள். மணிக்கட்டு ஒடிந்த சத்தம் மழையிலும் கேட்டது. அவன் கத்தினான். பேச்சில்லாமல் வெறுமனே கத்தினான்.

மீட்டர் அடித்தாள், கடித்தாள், கிள்ளினாள். கையிலிருந்த மீட்டரால் ஒருவன் நெற்றியைப் பிளந்தாள். கை நிற்கவில்லை. ஒரு சாண். அரைச் சாண்.

அக்காதான் உள்ளே புகுந்தாள். "அவனை விடுங்கப்பா. விடுங்கப்பா அவனை," என்று அழுதுகொண்டே ரேடியோவின் தலையைத் தன் மார்போடு சேர்த்து அணைத்து, கூட்டத்துக்கும் பெட்டிக்கும் நடுவே தன் முதுகைக் கொடுத்தாள். அடிகள் அவள் முதுகில் விழுந்தன. அவள் குனிந்தாள். அவள் கழுத்திலிருந்து கார்டு வெளியே விழுந்து தொங்கியது.

பெட்டிக்கு முன்னால். நாலு விரல் தூரத்தில். ஆடிக்கொண்டு.

மீட்டர் அதைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. விசிறி ஞாபகம் வந்தது. அன்றைக்கே அக்காவுக்கு எரிந்த சிவப்புதானே இது என்றும் வந்தது. அந்தக் கடைசி நினைப்புக்கு எவ்வளவு நன்றியோடு அவள் தாவினாள் என்பதை அவளைத் தவிர யாரும் அறியமாட்டார்கள்.

கார்டைப் பிடித்தாள். இழுத்தாள்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். புரிந்துகொண்டாள். பின்னால் சாய்ந்தாள், முழு பலத்தோடு. கயிறு சுழல்கதவின் கம்பியில் சுற்றிக்கொண்டது. மீட்டர் காலைப் பெட்டியின் அடியில் ஊன்றினாள். கார்டு பெட்டியில் பட்டது. அழுத்தினாள்.

சிவப்பு அணையவில்லை.

இன்னும் அழுத்தினாள். இன்னும் இழுத்தாள். ஏன் அணையவில்லை? பட்டுவிட்டதே. பட்டுவிட்டதே. அக்காவின் விரல்கள் கயிற்றுக்கு அடியில் புக இடம் தேடின. இடம் இல்லை. இரட்டைக் கயிறு. நல்ல முடிச்சு. அவள் காலிலிருந்து ஒரு செருப்பு கழன்றது, வெறுங்கால் தரையை உதைத்தது. கூட்டம் விலகி நின்றது. எல்லாக் கைகளும் கீழே தொங்கின.

கயிறு கம்பியில் உரசி நறநறத்தது.

யாரோ மூக்கால் மூச்சு விட்டார்கள். கனமாக. ஓடிவந்து நின்றவர்போல.

எங்கோ தூரத்தில் ஒரு ஆண்குரல் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. அது தூரத்தில் இல்லை. ரேடியோ அவள் காலடியில் கிடந்தான். ஒடிந்த கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, ரத்தம் வழிகிற வாயால், குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னான். "விடு. அக்காவை விடு. விடுடி."

அவளுக்குத் தெரிந்த சத்தங்கள். தகர மூடி போட்டு அவள் அடைத்துவைத்த சத்தங்கள். கண்ணை மூடிக்கொண்டு அவள் கூர்ந்து கேட்ட மூச்சு, இப்போது அவள் மூக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது.

தரையை உதைத்த கால் நின்றது.

பச்சை.

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு வந்து தன் கார்டைத் தொட்டான். சுழல்கதவு திரும்பியது. கம்பியில் சுற்றிய கயிறும் அதோடு திரும்பியது, அக்காவின் தலை மெல்ல அசைந்தது. அவன் மழைக்குள் இறங்கி ஓடினான். அடுத்தவள் வந்தாள், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அக்காவின் கால்களைத் தாண்டினாள், தொட்டாள். பச்சை. அடுத்தவன். பச்சை. ஒருவர் பின் ஒருவராக, வரிசை குலையாமல், கூச்சல் இல்லாமல் வந்துகொண்டே இருந்தார்கள். ரேடியோ ஒற்றைக் கையால் தரையைத் தள்ளித் தள்ளி, தன் மனைவியிடமிருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் நகர்ந்து, சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்தான். அவன் வாய் மூடியிருந்தது.

மீட்டரின் தோளில் தொங்கிய ஹெட்போனில் டையோடு இரைந்துகொண்டிருந்தது. தகரக் கூரையில் மழை கொட்டுவதுபோன்ற சீரான, சுத்தமான சத்தம். அதற்கு அடியில் இப்போது ஒன்றுமே இல்லை. விடு, விடு என்று அவள் தன் கைக்குச் சொன்னாள். பச்சை விளக்கின் வெளிச்சத்தில் அந்தக் கை கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி இழுத்தது.